திரை இருண்டால் என்ன செய்வது?



பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் இருந்தால் போதும் என்று தோட்டப்புறத்தில் நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடங்கள் வீட்டிற்கே வந்தன. அன்று தொட்டு அந்த மேசைமீது மடிக்கணினி, அதாவது லேப்டாப், ஒன்றும் வேண்டியதாயிற்று. சிலர் தவணையில் வாங்கினோம். சிலர் உறவினர் பயன்படுத்திய பழையதை வாங்கிக்கொண்டோம்.

அப்படி அரும்பாடுபட்டு வாங்கிய கணினியின் திரை ஒருநாள் மங்கிப்போகிறது. அல்லது அடியோடு கறுத்துவிடுகிறது. மறுநாள் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டிய பாடவேலை உள்ளே இருக்கிறது. பிள்ளை அழுகிறது. “இது செத்துவிட்டது” என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அல்லது பழைய சாமான்காரரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். திரை இருண்டது வேறு. கணினி கெட்டது வேறு.

இதை விளங்கிக்கொள்ள, கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தை நினைத்துப் பார்ப்போம். வெள்ளைத் துணிக்குப் பின்னால் டோக் டாலாங் தோல்பாவைகளை ஆட்டுகிறார். அவற்றுக்குப் பின்னே விளக்கு எரிகிறது. விளக்கு அணைந்துவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், பாவைகள் எங்கும் போய்விடவில்லை அல்லவா? பெரும்பாலான மடிக்கணினிகளின் திரையும் இப்படித்தான். படம் காட்டும் மெல்லிய கண்ணாடி ஏடு தானாக ஒளி விடாது. அதற்குப் பின்னால் உள்ள விளக்குதான் ஒளி தருகிறது. பழைய கணினிகளில் அது மெல்லிய குழல் விளக்கு. இப்போதையவற்றில் சின்னஞ்சிறு எல்இடி விளக்குகள். ஆகவே, போனது விளக்கா, படமா, கணினியா என்று பிரித்துப் பார்ப்பதே நம் வேலை. இதற்குக் காசு செலவில்லை.

முதலாவதாக, கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம். சிறு விளக்கு எரிகிறதா? உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா? பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக் பொத்தானில் விளக்கு இருந்தால், அதைத் தட்டும்போது அது எரிந்து அணைகிறதா? ஆம் என்றால் கணினி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓர் அசைவும் இல்லையென்றால், சார்ஜரை வேறொரு பிளக்கில் சொருகி, அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம்.

இரண்டாவதாக, ஒளியின் அளவு. பொத்தான்களின் மேல்வரிசையில் சூரியன் படம் போட்ட இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று ஒளியைக் கூட்டும், மற்றது குறைக்கும். சில கணினிகளில் எஃப்என் என்ற பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். சிறு பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டினாலே திரை மங்கிவிடும். பேட்டரி குறையும்போதும் கணினி தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் பேட்டரி 20 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியதும் இது நடக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். சார்ஜரைச் சொருகினால் வெளிச்சம் திரும்பிவிடும்.

மூன்றாவதாக, காந்தம். மூடியைச் சாத்தியதும் திரை அணைவதற்காகப் பல மடிக்கணினிகளில் காந்தத்தை உணரும் சிறு கருவி உண்டு. காந்தம் வைத்த கைப்பேசி உறையோ, காந்தக் கொக்கி உள்ள கைச்சங்கிலியோ அருகில் இருந்தால், மூடி சாத்தப்பட்டதாக எண்ணிக் கணினி திரையை அணைத்துவிடும். அவற்றை அப்புறப்படுத்திப் பார்ப்போம்.

நான்காவதாக, விண்டோஸ் கணினியானால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பி எழுத்தைத் தட்டுவோம். அது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. படம் அனுப்பும் பகுதி புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லையா? சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு மறுபடி இயக்குவோம். சேமிக்காத வேலை இதனால் அழிந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஐந்தாவதாக, டார்ச் லைட் சோதனை. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, திரைமேல் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுவோம். எழுத்தோ படமோ மங்கலாகத் தென்பட்டால், பின்விளக்கு மட்டுமே எரியவில்லை என்று பொருள். பாவை ஆடுகிறது, விளக்கைத்தான் காணோம். ஓஎல்இடி என்னும் வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுவதால் இச்சோதனை அதற்குப் பொருந்தாது.

ஆறாவதாக, எச்டிஎம்ஐ கேபிள் கொண்டு கணினியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைப்போம். படம் தானாக வராவிட்டால், விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தான பீ பொத்தானைத் தட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் தெரிந்தால், கணினி நலமாக இருக்கிறது. முதல் வேலையாகப் பிள்ளையின் பாடங்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வோம். கோளாறு திரையிலோ அதற்குச் செல்லும் கேபிளிலோதான் இருக்க வேண்டும். அந்தக் கேபிள் மூடியின் கீல் வழியாகச் செல்கிறது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது வெளிச்சம் வந்து வந்து போனால், கேபிள்மேல்தான் ஐயம் கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சியிலும் படம் வரவில்லையா? அப்படியானால் பழுது பெரும்பாலும் உள்ளே, நினைவகத்திலோ மூலப்பலகையிலோ இருக்கும். இந்நிலையில் புதுத் திரை போடப் பணம் கட்டினால் அது வீண் செலவாகவே முடியும்.

இனி, கடைக்குப் போவோம். “லேப்டாப் கெட்டுவிட்டது” என்று மட்டும் சொல்லி நிற்காமல், “டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது, தொலைக்காட்சியில் நன்றாக வருகிறது” என்று சொல்லிப் பாருங்கள். விவரம் அறிந்து வந்தவர் என்று கடைக்காரர் உணர்வார். கேபிளுக்கு எத்தனை வெள்ளி, திரைக்கு எத்தனை வெள்ளி, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கணினியை வீட்டில் பிரிக்க வேண்டாம். குழல் விளக்கு வைத்த பழைய திரைகளில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தாமல், சார்ஜ் செய்யாமல் கடையில் காட்டுங்கள்.

பெற்றோர்களே, தாய்மார்களே! வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் இது. ஒரு டார்ச் லைட்டும் கால்மணி நேரப் பொறுமையும் பல நூறு வெள்ளியைக் காப்பாற்றக்கூடும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இச்சோதனைகளைச் செய்யுங்கள். காரணம் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் அவர்களுக்கும் வரட்டும்.