இரவு வேலைக்கு இன்னொரு கை
நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டதும் கட்டடம், கணினி அறை, தண்ணீர்த் தாங்கி எனப் பல யோசனைகள் வந்தன. அவை நடக்கட்டும். முன்னேஸ்வரத்திலும் சிலாபத்திலும் உடப்பிலும் வாழும் தாய்மார் சிலருடைய இரவுகளைப் பற்றியே நாங்கள் பேச வந்தோம்.

நமது வடமேல் மாகாணத்தில் தலசீமியா அதிகம். குருநாகலில் உள்ள தலசீமியா நிலையத்துக்குப் போய்வரும் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை இரத்தத்தோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். உயிர் காக்கும் இரத்தமே இப்படி உயிருக்கு உலை வைக்கிறது.

அந்த இரும்பை அகற்ற டெஸ்ஃபெரால் மருந்து உண்டு. இப்போது பலருக்கு குளிசை கொடுக்கிறார்கள். குளிசை ஒத்துவராத, போதாத பிள்ளைகளுக்குப் பம்புதான். தூள் மருந்தைக் கரைத்து, சிரிஞ்சில் இழுத்து, சின்னப் பம்பில் பொருத்தி, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி ஏற்ற வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அது ஓடும். வாரத்தில் ஐந்தாறு இரவுகள், வருடக்கணக்காக. நேற்றுக் குத்திய இடம் வீங்கியிருந்தால் இன்று வேறிடம் தேட வேண்டும். அழுகிற பிள்ளைக்கு ஊசி ஏற்றுபவள் தாதி அல்ல, பெற்ற தாய்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? மூத்த பிள்ளைக்குப் பரீட்சை வந்தால்? ஆவணித் திருவிழாவுக்கு ஊரே கோயிலில் இருக்க, அவள் எட்டு மணிக்கு வீடு திரும்புகிறாள். அவள் தளர்ந்த இரவில் பம்பு ஓடாது. அப்படித் தவறும் இரவுகள் சேர்ந்தால் பிள்ளையின் இருதயத்துக்கே ஆபத்து.

வெளிநாட்டுச் சகோதரிகள் "மெஷின் ஒன்று அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல மனம்தான். ஆனால் இங்கே கிடைக்கும் சிரிஞ்ச் பொருந்தாவிட்டால் அது அலுமாரிக்குள்தான் கிடக்கும். கிளினிக்கில் கேட்டபின் அனுப்புங்கள். அதைவிட, இரத்தம் ஏற்றும் நாளின் வான் செலவையும் போகும் கூலியையும் ஏற்றுக்கொண்டால் அந்தக் குடும்பம் மூச்சு விடும்.

ஊரில் இருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது வேறு. சித்தியோ மாமியோ அயல்வீட்டு அக்காவோ, ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொருவர், கிளினிக் தாதியிடம் இந்த வேலையைப் பழக வேண்டும். வாரத்தில் ஓர் இரவாவது தாய் நிம்மதியாகப் படுக்கட்டும். ஊசி பிடிக்கப் பயமா? ஆஸ்பத்திரி நாளில் மற்றப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவாருங்கள்.

ஒரு தடை உண்டு. "தங்கச்சிக்குக் கலியாணம் பேச வேண்டுமே" என்று பல வீடுகளில் நோயையே மறைக்கிறார்கள். மறைத்தால் உதவி எப்படி வரும்? இது தொற்றுநோய் அல்ல. தாயும் தகப்பனும் இருவருமே நோய்க்காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சாதகத்தோடு இரத்தப் பரிசோதனையும் பார்த்தால் போதும். சம்பந்தம் பேசுவதில் நம் அக்காமாருக்கு உள்ள செல்வாக்கை இதற்கும் பயன்படுத்தலாமே!

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரையும், உங்களால் கொடுக்கக்கூடிய கிழமையையும் எழுதுங்கள். நோயாளி வீட்டுப் பெயர் எதுவும் அதில் இருக்காது. வெள்ளி இரவுக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். முதலில் அதை நிரப்புங்கள்.