காற்றுப் போனபின்னும் ஓடும் டயர்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் தரையைத் தொடுவது டயர் ஒன்றே. எஞ்சினின் ஆற்றலும், பிரேக்கின் பிடிப்பும், ஓட்டுபவனின் திறமையும் அந்த நான்கு ரப்பர் வளையங்களின் வழியாகத்தான் சாலையைச் சென்று சேரவேண்டும். ஆயினும், வண்டி வாங்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம். இருக்கையைத் தடவிப் பார்க்கிறோம். டயரை மட்டும் அது தேய்ந்த பிறகே பார்க்கிறோம். அப்படித் தேய்ந்த டயரை மாற்றப் புகுந்தவர்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஐயம் எழுந்துள்ளது. அவர்களுடைய வண்டியில் இருப்பது ‘ரன்ஃபிளாட்’ என்னும் வகை. அதாவது, காற்று முழுவதும் இறங்கிய பின்னும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர். அது தேய்ந்த பின், மீண்டும் அதையே வாங்குவதா, அல்லது எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண டயருக்கு மாறிவிடுவதா? இது பணக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட வேண்டாம், மாணவர்களே. ஒரு பொருளின் நன்மை தீமைகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு இது நல்ல பாடம். பௌதிகமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது.

முதலில் சாதாரண டயரை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள ஒரு காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் ஏறக்குறைய 400 கிலோ பாரம். டயருக்குள் 32 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கிறோம் என்றால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2¼ கிலோ. 400-ஐ 2¼-ஆல் வகுத்துப் பாருங்கள். 178 சதுர சென்டிமீட்டர் வருகிறது. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு அவ்வளவே; ஓர் அஞ்சலட்டையின் ஒன்றரைப் பங்கு! டயரின் பக்கச் சுவரும் சிறிது பாரத்தைத் தாங்கும் ஆதலால் இக்கணக்கு மிகத் துல்லியமானதன்று. ஆனால் வண்டியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் காற்றே என்பது இதனால் விளங்கும். ரப்பர் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை.

பையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? மெல்லிய பக்கச் சுவர் மடிந்து, இரும்பு வளையத்துக்கும் தரைக்கும் இடையே நசுங்குகிறது. மடிந்த சுவர் தன்மீது தானே உரசிச் சூடேறுகிறது. உள்ளிருக்கும் நூலிழைகள் ரப்பரை விட்டுப் பிரிகின்றன. சிறிது தூரம் ஓட்டினாலே டயர் பாழ். வேகமாகச் சென்றால் வண்டியும் கட்டுக்கு அடங்காது. ரன்ஃபிளாட் டயரில் இதற்கு ஒரு மாற்று செய்திருக்கிறார்கள். பக்கச் சுவரின் உட்புறத்தில், சூட்டைப் பொறுக்கும் கெட்டியான ரப்பரைத் தடிமனாக வைத்து வார்த்துவிடுகிறார்கள். காற்றுப் போனால் அந்தச் சுவரே தூணாக நின்று பாரத்தைத் தாங்கும். ஆனால் அந்தத் தூணும் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறிக்கொண்டேதான் இருக்கும். ஆதலால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் செல்லலாம் என்பது உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கூறும் வரம்பு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியிருந்தால் அந்தத் தூரம் குறையும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், தாம்பரத்தில் காற்று இறங்கினால் மேல்மருவத்தூரைத் தாண்டலாம். திண்டிவனம் போய்ச் சேர்வது உறுதியில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிய நாளிலிருந்தே, ஆணி குத்தினால் என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் பிறந்துவிட்டது. அதற்குக் கிடைத்த முதல் எளிய விடையை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். நம் ஊர் டிரைவர்கள் மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்கிறார்களே, அச்சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் கடல் கடந்து வந்து, நம் ஊர் பங்க்சர் கடைகளில் நிலைத்துவிட்டது!

ஸ்டெப்னியே வேண்டாத வண்டி வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் முயன்றார்கள். டன்லப் கம்பெனியே 1970-களில் ‘டெனோவோ’ என்ற பெயரில் அப்படி ஒரு டயரைக் கொண்டுவந்தது, அது பரவவில்லை. அமெரிக்காவில் 1997-இல் வந்த கார்வெட் வண்டி, ஸ்டெப்னி இல்லாமல் இவ்வகை டயர்களுடனேயே விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் இதைத் தன் பல வண்டிகளுக்கு வழக்கமாக்கிக்கொண்டது. அந்நிறுவனம் 2007-இல் நம் பக்கமே, தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டுச் சாலையில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில், ஒரு தொழிற்சாலை தொடங்கியது. ஆகவே ஜெர்மானிய நெடுஞ்சாலையை நினைத்துச் செய்த ஒரு டயர், ஜி.எஸ்.டி. சாலையிலும் முடிச்சூர்ச் சாலையிலும் உருளலாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண டயரில் காற்றுக் குறைந்தால் அது சப்பையாகிவிடும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ரன்ஃபிளாட் டயரோ காற்றே இல்லாமல் நின்றாலும் நிமிர்ந்தே நிற்கும். ஓட்டுபவன் அறியாமல் வரம்பைத் தாண்டி ஓட்டிவிடுவான். எனவே காற்றழுத்தத்தை அறிவிக்கும் கருவி இல்லாத வண்டியில் இந்த டயரைப் போடக் கூடாது. அக்கருவி இரு வகைப்படும். ஒன்று, சக்கரத்துக்குள்ளேயே வால்வோடு சேர்ந்திருந்து அழுத்தத்தை அளந்து வானலை மூலம் செய்தி அனுப்புவது. மற்றொன்று மிகவும் சாமர்த்தியமானது. அது காற்றை அளப்பதே இல்லை. காற்றுக் குறைந்த சக்கரத்தின் ஆரம் சற்றுக் குறையும் அல்லவா? ஆரம் குறைந்தால், அதே தூரத்தைக் கடக்க அச்சக்கரம் மற்றவற்றைவிட அதிக முறை சுற்ற வேண்டும். நான்கு சக்கரங்களின் சுற்றுகளையும் ஒப்பிட்டு, எது முந்துகிறதோ அதில் காற்றுக் குறைவு என்று கருவி ஊகித்துவிடுகிறது. வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரம் எதற்குப் பயன்படும் என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் பலர். அவர்களுக்கு இப்போது இந்த விடையைத் தரலாம்.

இவ்வளவு சிறப்புள்ள டயரை ஏன் மாற்ற நினைக்கிறார்கள்? கெட்டியான பக்கச் சுவர் காற்றில்லாதபோது தூணாக நிற்கிறது. காற்றிருக்கும்போதும் அது தூணாகவே நிற்கிறது! சாலையின் மேடு பள்ளங்களை மெத்தென்று விழுங்காமல், அதிர்ச்சியை மேலே தள்ளிவிடுகிறது. அந்த அதிர்ச்சியைச் சக்கரத்தின் உலோக வளையமும் வாங்கும். உள்ளே இருப்பவரின் முதுகும் வாங்கும். எங்கள் முடிச்சூர்ப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாடே அறியும். அத்தகைய பெருவெள்ளம் இருக்கட்டும். சாதாரண ஐப்பசி மழைக்கே தெருவில் நீர் தேங்கி, எது சாலை, எது பள்ளம் என்று தெரியாமல் போகும். அந்த நீருக்கடியில் மறைந்திருக்கும் குழியில் விழும்போது, கெட்டியான டயர் போட்ட சக்கரம் வளைந்துபோகவும் கூடும்.

விலையும் அதிகம். எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. சொல்லிவைத்துத் தருவிக்க வேண்டும். இன்னொரு கஷ்டமும் உண்டு. சாதாரண ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், சாலையோரக் கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி, ரப்பர்த் திரியைச் செருகி, கால் மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். ரன்ஃபிளாட் டயர் காற்றில்லாமல் சில மைல் ஓடியிருந்தாலோ, அதன் உட்சுவர் எவ்வளவு வெந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதைப் பழுது பார்க்காமல் மாற்றிவிடுங்கள் என்றே பல உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஓர் ஆணியின் விலை ஒரு டயர் ஆகிவிடுகிறது.

இதுவரை கேட்டவர்கள், சாதாரண டயருக்கு மாறுவதே அறிவுடைமை என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் எங்கள் பகுதியில் வாழும் பெரும்பாலோருக்கு அதையே சொல்வேன். தாம்பரத்தைச் சுற்றி எத்திசையில் போனாலும், கம்ப்ரெசரும் தண்ணீர்த் தொட்டியுமாக ஒரு பங்க்சர் கடை எதிர்ப்படாமல் போகாது. கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வரும் வண்டிக்கு 80 கிலோமீட்டர் அபயம் எதற்கு?

ஆனால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. தந்தை அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்; முதுகுத் தண்டில் வலி உள்ளவர். மகள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டாக்டர். வீட்டுக்கு ஒரே வண்டி. பழைய வண்டியாக வாங்கிய ஜெர்மானியக் கார். நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. “சார், இந்த டயர் எனக்கு எமன். நல்ல மெத்தென்ற டயராகப் போட்டுவிடலாம் என்கிறேன், இவள் சம்மதிக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்” என்று தந்தை என்னிடம் வந்தார். நானும் விலை, சாலை, பழுது என்று மேலே சொன்ன காரணங்களையெல்லாம் அவர் பக்கம் நின்று அடுக்கினேன்.

மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் சரி, சார். வாரத்தில் மூன்று நாள் நான் ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு வெளிவட்டச் சாலையில் தனியாக வருகிறேன். அங்கே டயர் போனால் நான் வண்டியை விட்டு இறங்க வேண்டும். இந்த டயர் இருந்தால் இறங்க வேண்டாம். வீட்டு வாசலில் வந்து இறங்குவேன்.”

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் அந்த 62 கிலோமீட்டர்ச் சாலையைப் பகலில் பார்த்தவர்களுக்கு அது அகன்ற, அழகிய சாலை. நள்ளிரவில் லாரிகள் பறக்கும், கடை கிடையாது, ஓரமாக நிறுத்திய வண்டியின் மீதே பின்னால் வருவது மோதக்கூடும். ஸ்டெப்னி இருந்தாலும், அந்த இடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் கழற்றுவது எவருக்கும் ஆபத்து. காற்றடைக்கும் சிறு கருவியும், துளையை அடைக்கும் திரவமும் உள்ள பெட்டி ஒன்று விற்கிறார்கள். ஆணித் துளைக்கு அது போதும். பக்கச் சுவர் கிழிந்தால் பயன்படாது. அதற்கும் இறங்கித்தான் ஆகவேண்டும். நாங்கள் இருவரும் டயரை முடிச்சூர்த் தெருவில் வைத்து எடைபோட்டோம். அவள் அதை வெளிவட்டச் சாலையில், நள்ளிரவில் வைத்து எடைபோட்டாள். தந்தை அதன்பின் ஒன்றும் பேசவில்லை. ரன்ஃபிளாட் டயர்களையே மீண்டும் வாங்குவதென்று முடிவாயிற்று.

அதே தெருவில் வேறொருவர், அதே வகை வண்டிக்கு, நான்கையும் சாதாரண டயர்களாக மாற்றிக்கொண்டார். அவர் செய்த முறை சரியானது. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டை மட்டும் மாற்றி இரண்டை விட்டுவைக்கவில்லை. கெட்டியானதும் மெத்தென்றதுமாகக் கலந்து போட்டால் திருப்பத்தில் வண்டி எப்பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களைப் படித்து, அதே அளவு வாங்கினார். 225/50 ஆர் 17 94 டபிள்யூ என்றிருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 50 பங்கு. வளையம் 17 அங்குலம். 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதன் குறி. கடைசி எழுத்து வேக வரம்பு. பாரக் குறியும் வேகக் குறியும் முன்பிருந்ததற்குக் குறையக் கூடாது. இரும்பு வளையத்தை மாற்ற வேண்டியதில்லை. ரன்ஃபிளாட் டயருக்கான வளையத்தில் சாதாரண டயரும் பொருந்தும். அழுத்தம் காட்டும் கருவியைக் கழற்றி எறியாமல், புதிய டயருக்கேற்பத் திருத்தி வைத்துக்கொண்டார். பின்பெட்டியில் பாதி இடம் போனாலும் பரவாயில்லையென்று ஒரு ஸ்டெப்னியும், ஜாக்கியும் வாங்கிப் போட்டார். ட்யூப்லெஸ் டயரும், அழுத்தம் காட்டும் கருவியும், பழுதுபார்க்கும் பெட்டியும் உள்ள சிறிய வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியிருப்பது அவருக்குத் தெரியும். சட்டம் கேட்காவிட்டாலும் முடிச்சூர்ச் சாலை கேட்கும் என்றார்! வண்டி இப்போது மெத்தென்று போகிறது. திருப்பங்களில் மட்டும் முன்பிருந்த விறைப்பு சற்றுக் குறைந்திருக்கிறது என்கிறார்.

டாக்டரின் டயர்கள் கடையில் இருப்பில் இல்லை. வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை அவள் இரவில் மருத்துவமனை வேனில் வந்து இறங்கினாள். தந்தை இப்போது மழைக்காலத்தில் அந்த வண்டியில் ஏறுவதில்லை. தாம்பரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மின்சார ரயில் பிடிக்கிறார்.