குளமும் துறைமுகமும்



இலங்கையில் ஒரு சாதாரணக் குடும்பம் ஒரு நாளில் உண்பவற்றைப் பிரித்துப் பார்த்தால், சோறும் தேங்காயும் பெரும்பாலும் அந்த மண்ணில் விளைந்தவையாக இருக்கும். பருப்புக் கறிக்கான மைசூர்ப் பருப்போ கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்திருக்கும். பாண் என்று அங்கே வழங்கும் ரொட்டிக்கான கோதுமை முழுவதும் கப்பலில் வந்து இறங்கியது. தேநீரில் கலக்கும் பால்மாவும் சீனியும்கூடப் பெருமளவு கடல் கடந்து வந்தவையே. 65,610 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 2.2 கோடி மக்களும் கொண்ட இத்தகைய ஒரு சிறிய நாடு, தன் மக்களின் உணவை எவ்வாறு உறுதிப்படுத்திக்கொள்ள முடியும் என்பதே இந்த உரையின் பொருள்.

உணவுப் பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு, 1996-ஆம் ஆண்டு ரோம் நகரில் கூடிய உலக உணவு மாநாடு ஒரு வரையறை தந்தது. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதிய, தீங்கற்ற, சத்துள்ள உணவு கைக்கு எட்டுவதாகவும் அதை வாங்கும் வசதி அவர்களுக்கு இருப்பதாகவும் உள்ள நிலையே அது. இதை அறிஞர்கள் நான்கு கூறுகளாகப் பிரிப்பர்: நாட்டில் உணவு இருத்தல், அதை மக்கள் பெற இயலுதல், உண்டது உடலில் சேர்வதற்கான நலவாழ்வு அமைதல், இம்மூன்றும் இடையறாது நிலைத்தல். இந்த நான்கிலும் இலங்கை வெவ்வேறு காலங்களில் சறுக்கியும் எழுந்தும் வந்திருப்பதால், அதன் வரலாறு சிறிய நாடுகள் அனைத்துக்கும் ஒரு பாடநூலாகப் பயன்படக்கூடியது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், அந்நாட்டு அரிசியையே பெரிதும் நம்பியிருந்த இலங்கையில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கோதுமை மாவு வீட்டுச் சமையலில் இடம்பிடித்ததும் அக்காலத்தில்தான். 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலங்கை ரப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது. அடுத்த ஆண்டே, பங்கீட்டு அரிசியின் விலை, கொத்து என்னும் அளவு ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய கடையடைப்பும் மறியலும் மூண்டு, அதன் விளைவாகப் பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். அரிசி விலையில் கை வைத்தால் அரசு நிலைக்காது என்னும் பாடத்தைக் கொழும்பு அப்போதே கற்றுக்கொண்டது.

1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டை எதிர்கொள்ள மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கிணற்று நீரையே நம்பிச் சிறு துண்டு நிலங்களில் தோட்டப் பயிர் செய்து வந்த யாழ்ப்பாண விவசாயிகள் அந்த ஆண்டுகளில் செழித்தனர். கல்வீடுகள் பல எழுந்தன. ஆனால் அதே ஆட்சிக் காலத்தில், 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒருசேர ஏறி, பங்கீட்டு அளவும் குறைக்கப்பட்டபோது, சொந்த நிலமில்லாத மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பட்டினிக்கும் அதனால் நேர்ந்த சாவுகளுக்கும் ஆளாயினர். ஒரே தீவில், ஒரே கொள்கையின் கீழ், யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டம் பச்சை பிடித்ததும் நுவரெலியாவின் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுப்பு அணைந்ததும் ஒன்றாக நடந்தன என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நாட்டில் விளைச்சல் கூடுவது முதற்கூறு மட்டுமே. விளைந்ததை வாங்க வழியில்லாதவருக்கு அதனால் பயனில்லை.

அண்மைக்கால நெருக்கடி இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2021 மே மாதத்தில், இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாக அறிவித்து, இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. விவசாயிகளின் எதிர்ப்பால் நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், அந்தப் பெரும்போகத்து, அதாவது பருவமழைக்காலப் பயிரின், நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. நெல்லில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு மறு ஆண்டு பல லட்சம் டன் அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. வாங்குவதற்கு வேண்டிய டாலரோ கருவூலத்தில் இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது, செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. இதில் அடங்கிய உண்மை எளிதில் கண்ணுக்குப் படாதது: உள்நாட்டில் விளைந்தது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட நெல்லுக்குள்ளேயே யூரியா வடிவிலும் டீசல் வடிவிலும் இறக்குமதி ஒளிந்திருந்தது. ஆகவே இறக்குமதிச் சார்பைக் கணக்கிடும்போது துறைமுகத்தில் இறங்கும் கோதுமையை மட்டும் எண்ணினால் போதாது. வயலில் விழும் ஒவ்வோர் இடுபொருளும் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், இலங்கை நெல்வயலில் இறக்குமதி செய்யப்படாத பெருஞ்செல்வம் ஒன்றே ஒன்று, அது தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காத்துத் தரும் குளங்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது தகும். தமிழகத்தின் வட மாவட்டங்களில் ஏரி என்று சொல்லப்படுவதே அங்கே குளம். வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்பும் காலத்தில் செய்யப்படும் பயிரை அரசு ஆவணங்கள் பெரும்போகம் என்றும், வடபகுதியான வன்னியின் மக்கள் காலபோகம் என்றும் குறிப்பர். எஞ்சிய நீரைக் கொண்டு சித்திரைக்குப் பின் செய்யப்படுவது சிறுபோகம். வறண்ட வலயம் எனப்படும் வடக்கு, கிழக்கு, வடமத்திய பகுதிகளில் இத்தகைய சிறு குளங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை தனித்தனியே அமையாமல், மேற்குளம் வான் பாய்ந்து, அதாவது நிரம்பி வழிந்து, வெளியேறும் நீரும் அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் அடுத்த குளத்தில் சேரும்படி சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. புவியியல் அறிஞர் மத்தும பண்டார 1985-இல் இந்த அமைப்பை விளக்கி எழுதியதற்குப் பிறகு ஆய்வுலகின் கவனம் இதன்பால் திரும்பியது; ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

ஒரு குளத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். நீர் வந்து சேரும் மேற்புறத்தில் மரங்களின் வரிசையொன்று காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அதையடுத்த புற்பரப்பு வண்டலை வடிகட்டுகிறது. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் விடப்பட்டிருக்கும் அடர்ந்த செடித்தொகுதி, கசியும் நீரிலுள்ள உப்பு வயலுக்குப் போகாமல் ஈர்த்துக்கொள்கிறது. இவற்றுள் ஒன்றை வெட்டி வயலாக்கினாலும், சில ஆண்டுகளில் குளம் தூர்ந்துபோவதையோ முதல் வரிசை வயல் உவர்ப்பதையோ காணலாம். நவீனக் காலத்தில் குளங்களைப் புனரமைத்தோர் பலர் அணைக்கட்டை உயர்த்துவதிலும் துருசை, அதாவது மதகை, மாற்றுவதிலும் காட்டிய அக்கறையை இந்தச் சுற்றுப்புறத்தின்மேல் காட்டாததே, செலவுக்கேற்ற பயன் கிட்டாததற்குக் காரணம்.

மண்ணமைப்பைக் காட்டிலும் வியப்புக்குரியது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. போகம் தொடங்குமுன் கமக்காரர்கள், அதாவது விவசாயிகள், கூடி நடத்தும் கன்னக் கூட்டத்தில் எந்த நாளில் துருசு திறப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பவை முடிவாகின்றன. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் பெத்ம என்று சிங்களத்தில் வழங்கும் வழக்கம் கைக்கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 40 ஏக்கர் வயலுக்கு உரிய குளத்தில் 10 ஏக்கருக்கே நீர் இருப்பதாகக் கொள்வோம். குளத்தை ஒட்டிய அந்த 10 ஏக்கரின் உரிமையாளர்கள் மட்டும் பயிரிட்டு மற்றவர்கள் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அந்த 10 ஏக்கரையே அனைவரும் தத்தம் உரிமை விகிதப்படி அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கிட்டுக்கொள்கின்றனர். கடைமடையில் 4 ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தலைமடையில் 1 ஏக்கர் கிடைக்கும். தலைமடைக்காரர் தம் நிலத்தின் பெரும்பகுதியைப் பிறர் உழுவதற்கு விட்டுக்கொடுப்பார். வாய்க்காலின் முழு நீளத்துக்கும் நீர் ஓட்டி வீணாக்காமல், பஞ்சத்தின் சுமையைச் சமமாகப் பிரித்துத் தாங்கும் இம்முறையில், பொருளியல் நூல்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கும் இடர்ப்பகிர்வு ஒரு கிராமத்துக் கூட்டத்தின் முடிவாக நடந்தேறுகிறது. உணவுப் பாதுகாப்பின் இரண்டாம் கூறாகிய பெறும் வழியும் நான்காம் கூறாகிய நிலைத்தன்மையும் இந்த ஒரே வழக்கத்தில் அடங்கியிருப்பதை நேயர்கள் காணலாம்.

நீர் இருந்தாலும் உரம் வேண்டுமே என்னும் கேள்விக்கும் முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு விடை உண்டு. அநுராதபுரம் மாவட்டத்து எப்பாவலையில் பாறைப் பாஸ்பேட் படிவம் உள்ளது. அது மெதுவாகக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு ஏற்றது. இரு போகங்களுக்கு இடையில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விதைத்தால் மண்ணில் தழைச்சத்து சேர்வதோடு, இறக்குமதிப் பருப்பில் ஒரு பங்கும் குறையும். ஆயினும் இம்மாற்றங்கள் மண் பரிசோதனையோடு ஆண்டுக்கணக்கில் படிப்படியாகச் செய்யத்தக்கவை என்பதற்கு 2021-இன் அனுபவமே சான்று.

உரைக்குரிய நேரம் குறுகி வருவதால் துறைமுகத்தின் பக்கம் சுருக்கமாகச் செல்ல வேண்டியிருக்கிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் உணவு வாங்குகிறது. அங்கே அரிசி இறக்குமதியாளர் ஒவ்வொருவரும் தம் மாத இறக்குமதியின் இரு மடங்கை எப்போதும் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது அந்நகரம் தடுமாறினாலும் பட்டினி கிடக்காததற்கு, பல இடங்களில் வாங்கும் இப்பழக்கமும் வாங்குவதற்கான பணமும் காரணங்கள். அதே சிங்கப்பூர், 2030-க்குள் 30 விழுக்காட்டு ஊட்டத்தை உள்நாட்டிலேயே விளைவிப்பதாக 2019-இல் வகுத்த இலக்கை 2025-இல் மாற்றிக்கொண்டது. பணமிருந்தும் மண்ணில்லாத நாட்டுக்கு உற்பத்தி எளிதன்று. மண்ணும் நீரும் உள்ள இலங்கைக்கோ, கையிருப்பும் பல்வேறு விற்பனையாளரும், உணவுக்கென ஒதுக்கித் தொடாமல் காக்கும் அந்நியச் செலாவணியும் தேவைப்படுகின்றன.

இவை யாவும் கடலுக்கு அப்பாலுள்ள செய்திகள் என்று சென்னையின் மேற்குப் புறநகரான முத்தாபுதுப்பேட்டையிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்து கேட்கும் நேயர்கள் கருத வேண்டியதில்லை. 2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு அனுப்பிய முதற்கப்பல் 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் 24 டன் மருந்தும் ஏற்றிச் சென்றது. தமிழகம் உறுதியளித்த மொத்த அரிசி 40,000 டன். அயலாருக்குக் கொடுக்க அரிசி இருந்தது, கொள்முதலும் கிடங்கும் ரேஷன் கடையும் சேர்ந்த ஓர் ஏற்பாடு இங்கே பல்லாண்டுகளாக இயங்கி வருவதன் பயன். அதே ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தபோது இந்தியச் சந்தை முழுவதும் கலங்கியது. அரிசியில் மிகையாக உள்ள நாடு எண்ணெயில் இறக்குமதி நாடாகவே இருக்கிறது. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும் அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும் சங்கிலி, வன்னிக் குளங்களின் அதே பொறியியலைச் சேர்ந்தது. ஆனால் அவற்றின் ஆயக்கட்டு வயல்களில் இன்று தெருக்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. இப்பகுதியின் சோறு வேறெங்கோ உள்ள வயலை நம்பியே வருகிறது என்ற வகையில், மேற்குப் புறநகரும் ஒரு சிறிய இறக்குமதி நாடே.

தொகுத்துச் சொன்னால், குளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் காப்பது, இடுபொருள்களில் மறைந்துள்ள இறக்குமதியைப் படிப்படியாகக் குறைப்பது, பல நாடுகளிடம் வாங்கி முன்கூட்டியே சேமிப்பது, நிலமற்றவருக்கும் பங்கை உறுதிப்படுத்துவது ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு சிறிய நாட்டைப் பசியிலிருந்து காக்கும். ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றை விட்ட ஒவ்வொரு முறையும் இலங்கை விலை கொடுத்திருக்கிறது. அடுத்த வறட்சியோ அடுத்த போரோ வருமுன், கமக்காரர் கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்களின் குரல் திட்டமிடும் அவைகளிலும் ஒலிக்கும் என்று நம்புவோம்.