தரை உண்டு, கூரை இல்லை: சொத்து வரியும் மாநகர வரவுசெலவும்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பின் முடிவில் ஒரு தோழர் எழுந்து கேட்ட கேள்விக்கு அன்று நேரமின்மையால் விடை கூற இயலவில்லை. “குடிநீர், கழிவுநீர், பள்ளி, மருத்துவமனை யாவற்றையும் மாநகராட்சியே நடத்த வேண்டும், தனியாரிடம் விடக்கூடாது என்கிறோம். அதே மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தினால் கொடி பிடித்துப் போராடுகிறோம். இது முரண்பாடு இல்லையா?” என்று அவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியன்று அது. குடியிருப்போர் கூட்டங்களுக்குச் செல்லும் தோழர் எவரும் இதற்கு விடை வைத்திருக்க வேண்டும்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஆகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 2020 மே 17 அன்று, பெருந்தொற்றின் நடுவே, ஒன்றிய நிதியமைச்சர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மாநிலங்கள் தம் உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு வரை கடன் வாங்கலாம் என்றிருந்த வரம்பு, அந்த ஓராண்டுக்கு 5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால், கூடுதல் 2 விழுக்காட்டில் அரை விழுக்காடு மட்டுமே நிபந்தனையின்றிக் கிடைக்கும். மீதி, நான்கு ‘சீர்திருத்தங்களோடு’ பிணைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிகளைப் பற்றியது. அதன்படி, பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை ஒட்டிச் சொத்து வரிக்கு ‘ஃப்ளோர் ரேட்’ நிர்ணயிக்க வேண்டும். விலைவாசிக்கேற்ப அதை அவ்வப்போது உயர்த்தவும் வேண்டும். குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் இதே ஏற்பாடு.

அச்சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்று நெடுநேரம் தயங்கினேன். ‘குறைந்தபட்ச விகிதம்’ என்பது சரியான தமிழ்தான், அப்படியே எழுதினேன். ஆனால் மூலச் சொல்லில் ஒரு படம் இருக்கிறது. ஃப்ளோர் என்றால் தரை. இதற்குக் கீழே இறங்காதே என்று தரையைக் காட்டிய அந்த அறிவிப்பு, இதற்கு மேலே ஏறாதே என்று எந்தக் கூரையையும் காட்டவில்லை.

இதே நிதியமைச்சர் 2019 ஜூலை 5 அன்று தம் முதல் நிதிநிலை அறிக்கை உரையில், பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடலை எடுத்துக் கூறினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால், அது தின்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி என்பது அதன் பொருள். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பத்து மாதம் கழித்து வந்ததுதான் மேற்சொன்ன நிபந்தனை.

அந்த நிபந்தனை ஓராண்டோடு ஓய்ந்துவிடவில்லை. 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 1,21,055 கோடி ரூபாய். இதைப் பெறுவதற்கும் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்திருக்க வேண்டியிருந்தது. அத்துடன், மாநில உற்பத்தி மதிப்பு வளரும் வேகத்திற்கு ஈடாக வரி வசூலும் ஆண்டுதோறும் வளர வேண்டியிருந்தது. மாநிலத்தின் உற்பத்தி மதிப்பு வளர்ந்தால் நம் தெருவில் வாழ்வோரின் வருமானமும் வளர்ந்துவிட்டது என்று எவர் சொன்னார்கள்? அந்தக் கணக்கில் பெரு நிறுவனங்களின் இலாபமும் சேர்ந்தேயிருக்கிறது.

இது நடைமுறையில் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு ஆந்திரம் நல்ல சான்று. அங்கு சொத்து வரி, ஆண்டு வாடகை மதிப்பின் அடிப்படையில் கணக்கிடப்பட்டு வந்தது. 2020 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, சொத்தின் மூலதன மதிப்பே அடிப்படையாயிற்று. குடியிருப்புகளுக்கு அம்மதிப்பில் 0.10 முதல் 0.50 விழுக்காடு வரை, பிற கட்டடங்களுக்கு 0.20 முதல் 2 விழுக்காடு வரை வரி விதிக்கலாம். 2021 ஜனவரியில் ஒன்றிய நிதியமைச்சகம், நகர்ப்புறச் ‘சீர்திருத்தத்தை’ முடித்த முதல் இரு மாநிலங்கள் ஆந்திரமும் மத்தியப் பிரதேசமும் என்று பாராட்டியது. ஆந்திரத்துக்குக் கிடைத்த பரிசு 2,525 கோடி ரூபாய். அது மானியமன்று; கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ள அனுமதி!

விசாகப்பட்டினத்திலும் விஜயவாடாவிலும் இடதுசாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் வீதிக்கு வந்தனர். உயர்வு ஆண்டுக்கு 15 விழுக்காட்டைத் தாண்டாது என்று அரசு ஆறுதல் கூறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 1,000 ரூபாய் வரி கட்டுபவர், ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் ஏறினால் அடுத்த ஆண்டு 1,150, அதற்கடுத்து 1,322, பிறகு 1,520, பிறகு 1,749, ஐந்தாம் ஆண்டில் 2,011 ரூபாய் கட்டுவார். ஐந்தே ஆண்டில் இருமடங்கு. ஓய்வூதியமோ தினக்கூலியோ ஐந்தாண்டில் இருமடங்கான வீட்டை எனக்கு யாரேனும் காட்டுங்கள்.

வாடகை மதிப்புக்கும் மூலதன மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலைத் தொழிலாளி நகரின் ஓரத்தில் இரண்டு சென்ட் வாங்கி வீடு கட்டினார். பின்னாளில் பக்கத்தில் நெடுஞ்சாலை வருகிறது, மென்பொருள் பூங்கா வருகிறது, வழிகாட்டி மதிப்பு பன்மடங்காகிறது. அவர் வீட்டை விற்றால்தான் அந்தப் பணம் அவருடையது. அவர் விற்கப் போவதில்லை, அதில் வாழ்கிறார். கையில் வராத பணத்துக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். கட்ட இயலாதவர் விற்றுவிட்டு இன்னும் தொலைவுக்குப் போவார். வாங்குபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சொந்த வீடு இல்லாதவர்களுக்கும் இதில் தப்பில்லை. வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றிவிடுவார். நம்மில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தாமே.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். நாம் வரிக்கு எதிரிகள் அல்லர். ‘வரி கொடாதீர்’ என்ற முழக்கம் நம்முடையதன்று. பங்களாக்காரர்களின் சங்கம் அதை எழுப்பும்போது நாம் பின்னால் போய் நிற்கக்கூடாது. சில இடங்களில் நின்றிருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேரளத்தைப் பாருங்கள். நிதிக் குழுவின் அதே நிபந்தனை அம்மாநிலத்துக்கும் இருந்தது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஏப்ரல் முதல் கட்டட வரியைத் திருத்தியது. ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வும் வைத்தது. அங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை, கட்டடத்தின் பரப்பளவு. நிலச்சந்தையின் ஏற்ற இறக்கமன்று. 60 சதுர மீட்டர் வரையிலான, ஒருவருக்கு ஒன்றே உள்ள வீட்டுக்கு விலக்கும் தரப்பட்டது. ஆந்திரத்திலும் 375 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் போதும் என்றார்கள். அது நல்லதே. ஆனால் 60 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 645 சதுர அடி. ஒரு தொழிலாளி குடும்பம் நடத்தும் வீடு இவ்விரண்டு எண்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

அடுத்து, மாநகராட்சிக்குப் பணம் ஏன் போதவில்லை என்று கேட்க வேண்டும். மக்கள் வரி கட்டாததாலா? 2022 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய மாநகராட்சிகளின் வருவாயும் செலவும் பத்தாண்டுகளாக நாட்டின் உற்பத்தி மதிப்பில் சுமார் 1 விழுக்காட்டிலேயே நிற்கின்றன. பிரேசிலில் இது 7 விழுக்காட்டுக்கும் மேல், தென்னாப்பிரிக்காவில் 6. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 18 பணிகளை நகராட்சிகளின் அட்டவணையில் சேர்த்தது. அவற்றுக்கான நிதியைச் சேர்க்கவில்லை. இருந்த வருவாயும் போயிற்று. மும்பை மாநகராட்சியின் பெரும் வருவாயாக இருந்த ஆக்ட்ராய் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டியில் கரைந்தது. அது முதல் மாநில அரசு தரும் இழப்பீட்டை எதிர்பார்த்திருக்கிறது அந்த நகரம். ஜிஎஸ்டியில் மாநகராட்சிக்கென்று அரசியல் சட்டம் ஒதுக்கிய பங்கு எதுவுமில்லை.

இன்னொன்று, பலரும் அறியாதது. அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சிகள் வரி விதிக்க இயலாது. 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்ட முடிவின்படி, அச்சொத்துகளுக்குச் சேவைக் கட்டணம் செலுத்த ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டது. பெறும் சேவையைப் பொறுத்து அது சொத்து வரியில் 75 விழுக்காடு, பாதி, அல்லது மூன்றில் ஒரு பங்கு. கடற்படையும் ரயில்வேயும் பரந்த நிலம் வைத்திருக்கும் விசாகப்பட்டினத்தில் அந்தக் கட்டணம் முழுதாக வருகிறதா என்பது எவரும் கேட்கத்தக்க கேள்வி. நம் பெங்களூருவிலும் ராணுவ நிலம் குறைவில்லை.

ஆகவே குடியிருப்போர் கூட்டத்தில் ‘உயர்வை ரத்துச் செய்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடாதீர்கள். மாநகர வரவுசெலவுத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பக்கங்கள் அதிகம், பயப்பட வேண்டாம். ஓர் இனத்துக்கு எதிரே மூன்று தொகைகள் இருக்கும்: முந்திய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது மூன்றாவது மட்டுமே. நீங்கள் முதலாவதைப் படியுங்கள். உங்கள் வார்டின் வடிகாலுக்கு அறிவித்தது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். கடன் பத்திரம் வெளியிட்ட மாநகராட்சியானால் வட்டிக் கணக்கையும் பாருங்கள். விசாகப்பட்டினம் 2018இல் 80 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. வட்டி சுமார் 10 விழுக்காடு. இத்தகைய பத்திரங்களில், வசூலாகும் வருவாய் தனிக் கணக்கில் விழுந்து, முதலீட்டாளரின் தவணைக்கு முதலில் ஒதுக்கப்படுவதே வழக்கம். துப்புரவுத் தொழிலாளியின் சம்பளம் அதற்குப் பிறகுதான்.

யார் அந்தத் திட்டத்தை நிறைவேற்றினார்கள் என்பதையும் பாருங்கள். இந்நகரின் மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்த் திட்டங்களை நிர்வாக அதிகாரிகளே வகுத்து நிறைவேற்றினார்கள். நம் தெருவிளக்கைப் பற்றிக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் வரியும் கட்டணமும் மட்டும் தவறாமல் வந்தன. தேர்தல் கோரிக்கையும் வரிக் கோரிக்கையும் வேறு வேறு துண்டறிக்கைகளில் அச்சாவது ஏன் என்று நம் கிளைகளைத்தான் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. நம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வரி அறிவிப்பு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வருகிறது. படிக்க இயலாமல் இடைத்தரகரிடம் கொடுத்துப் பணம் இழக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் தெருவுக்குப் பத்து வீடுகளின் கடந்த இரண்டாண்டு அறிவிப்புகளை நகலெடுத்து வாருங்கள். பரப்பளவு சரியாக எழுதப்பட்டுள்ளதா, எந்த மண்டலத்தில் சேர்த்திருக்கிறார்கள், எந்தத் தலைப்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.