ஆடி அமாவாசைக்குக் குடில் போடப் போகும் ஆச்சிமாருக்கு

(ஆனி மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில், 60 வயது தாண்டிய உறுப்பினர்கள் மத்தியில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது.)



போன மாதம் உறுப்பினர் பதிவேட்டைப் புதுப்பிக்க நாங்கள் குழு குழுவாக வந்தோம் இல்லையா, அதில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு ஆச்சியிடம் கேட்டதற்கு, “ஓய்வுன்னு எழுது தாயீ” என்றார்கள். உடனே பக்கத்தில் இருந்த இன்னொரு ஆச்சி, “ஓய்வா? காலையில நாலரைக்கு எந்திச்சு வாசத் தெளிக்கது யாரு, ஓய்வாட்டி தெளிக்கு?” என்று கேட்க, கூட்டமே சிரித்துவிட்டது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் கோடு போட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஆச்சி நாற்பது வருடம் பீடி சுற்றியவர்கள். இப்போது மடியில் சுளகு இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போது பாருங்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உருட்டிக்கொண்டே இருக்கும். காலையில் வாசல், பால், பேரனுக்குச் சட்டை மாட்டி வேனில் ஏற்றுவது, ரேஷன் கடை, பகலில் முருங்கைக்கீரை உருவுவது, சாயந்தரம் பேத்தியைக் கூப்பிட்டு வருவது. எல்லாம் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் கால் நீட்டினால் அதுதான் ஓய்வு. வைப்பு நிதியில் இருந்தவர்களுக்கு 58 வயதுக்குப் பிறகு மாதப் பென்ஷன் வருகிறது. குறைந்தது 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் ஆக்கினார்கள். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு 2023-ல் 1,000-த்தில் இருந்து 1,200 ஆனது. அந்தப் பணத்திலும் பாதி மாத்திரைக்கும் பேரன் கேட்கும் முறுக்குக்கும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா.

இந்த ஆச்சிமார் ஆறு பேர், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். மகன், மருமகன் யாரும் கூட வரவில்லை. இவர்களாகவே போகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். தப்பு எங்களுடையது.

சில வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஆச்சி, கோயிலுக்குப் போக 2,000 ரூபாய் உள்கடன் கேட்டார்கள். குழுவில் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? தொழில் கடன், படிப்பு, மருத்துவம் இதற்குத்தான் முன்னுரிமை, கோயில் குளத்துக்கெல்லாம் கடன் கிடையாது என்று பயிற்சியில் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். ஆச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். கோயிலுக்கும் போய்வந்தார்கள். ஆனால் பணம் வெளியில் பத்து வட்டிக்கு வாங்கியது. நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். அப்படியானால் 2,000-த்துக்கு மாதம் 200. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டினார்கள், 2,000 போய்விட்டது. அசல் 2,000 அப்படியே நின்றது! வெட்கப்பட்டுக்கொண்டு குழுக் கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். காதில் கிடந்த கம்மலைக் காணோம் என்று மருமகள் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தாச்சு. சட்டம் இருக்கிறது என்று ஆச்சியிடம் சொன்னதற்கு, “அவன் நம்மூர்க்காரன்லா, எப்படிம்மா போய்ச் சொல்ல” என்றார்கள்.

அதே 2,000-த்தை நம்ம குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்திருந்தால்? மாதம் 200 அசல் கழிய, முதல் மாதம் வட்டி 20, அடுத்த மாதம் 18, அப்புறம் 16, இப்படிக் குறைந்து பத்தாவது மாதம் 2 ரூபாய். மொத்த வட்டி 110. பத்து மாதத்தில் கடன் தீர்ந்தது. அந்த 110-ம் குழுவுக்குத்தான் வரும், குழுவில் அந்த ஆச்சியும் ஒரு ஆள். இந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ‘கோயில் செலவு வீண்செலவு’ என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். சமூகப்பணி படித்த எண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க வீட்டுக்கு உழைத்தவர்கள் மூன்று நாள் ஆற்றங்கரையில் உட்கார ஆசைப்படுவது வீணா என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

இந்த வருடம் அந்தக் குழுவில் தீர்மானம் போட்டுவிட்டார்கள், நோட்டில் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆளுக்கு 2,000 வரை கொடுப்பது, பத்து மாதத்தில் அடைப்பது. அதோடு வருகிற ஆவணியில் இருந்து ஆனி வரைக்கும் மாதம் 100 தனிச் சேமிப்பு. 11 மாதத்தில் 1,100 சேர்ந்துவிடும், அடுத்த வருடம் கடன் பாதியாகக் குறையும். ஊக்குநர் அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. “இன்னைக்குக் கோயில், நாளைக்குக் கொடைக்கானல்னு கேட்டா?” என்றார். ஒரு ஆச்சி, “கேட்டா குடேன், அடைக்கப் போறது நாங்கதான?” என்றார்கள். சபை அமைதியாகிவிட்டது. உவரி அந்தோணியார் கோயிலுக்கும் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் போய்த் தங்குகிற உறுப்பினர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதே கணக்குதான். உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.

இனி காட்டுக்குப் போகும் விஷயம். பழைய ஆட்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் மாட்டு வண்டி கட்டி, மூங்கிலும் ஓலைத்தட்டியும் ஏற்றி, பத்து நாளைக்கு மேலேயே தங்கி வருவார்கள். இன்று அந்த இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-ல் வந்த காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. அதனால் எத்தனை நாள் குடில் போடலாம் என்பதை ஒவ்வொரு வருடமும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்து அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பைப் பார்த்து நாள் குறியுங்கள், போன வருடக் கணக்கை வைத்துக் கிளம்ப வேண்டாம். விழா நாட்களில் சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற்றிவிடுவது சில வருடமாக நடக்கிறது. அப்படியானால் கம்பும் தட்டியும் கட்டிலும் கொண்டுபோக முடியாது. கையில் தூக்க முடிகிறதுதான் நம்ம சாமான்.

இதற்காகத்தான் கூட்டமைப்பின் தார்ப்பாயைக் கொடுக்கிறோம். கண்காட்சியில் கடை போடும்போது கட்டுவோமே, அந்த நீலத் தார்ப்பாய்தான். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை பார்த்தோம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அரை மணி நேரம் கட்டினோம், காற்று ஒரு தூக்குத் தூக்கியது, மொத்தமும் வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. பீடி ஆச்சி வந்து எங்கள் முடிச்சை எல்லாம் அவிழ்த்துவிட்டு, மூலைக்கு ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்துச் சுற்றி நூல் கட்டு மாதிரி ஒரு கட்டுப் போட்டார்கள். அசையவில்லை. பயிற்சி கொடுக்க வந்த நாங்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு போனோம்.

சமையலுக்கு நம்ம சத்துணவு ஆச்சி இருக்கிறார்கள். 1982-ல் சத்துணவு தொடங்கிய காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்றவர்கள். “சின்னப்பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, பெரிய வகுப்புப் பிள்ளைக்கு 150. ஆச்சிக்கு எவ்வளவு?” என்று அவர்களே கேட்டுவிட்டு, “சக்கரை உள்ள ஆச்சிக்கு 100 போதும்” என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை உள்ள ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை, அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததில் இருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. கொண்டுவருவதும் நம்ம குழுப் பெண்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முந்தியே அவளிடம் சொல்லிவையுங்கள். தங்குகிற நாளுக்கு மேலே இரண்டு நாள் மாத்திரை கூடுதலாக, ஒருவர் பையில் பாதி, இன்னொருவர் பையில் பாதி. இன்சுலின் போடுகிறவர்கள், பிரித்த குப்பியை வெயில் படாமல் வைத்தால் சூடில்லாத இடத்தில் சில வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மண்சட்டியில் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. மருந்துப்பெட்டியைத் தண்ணீர் படாமல் சின்னச் சட்டியில் வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, சொல்ல வெட்கப்படுகிற விஷயம். நாங்களே சொல்லிவிடுகிறோம். வெளியூர் போனால் ஒண்ணுக்குப் போக இடம் இருக்காதென்று முந்தின நாளே நீர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? தண்ணியே குடிக்காமல் பஸ் ஏறுகிறவர்கள்? கை தூக்க வேண்டாம், தெரியும். போன வருடம் ஒரு அம்மா இப்படி மூன்று நாள் மாத்திரை போடாமல் இருந்து, கால் வீங்கி, மூச்சு வாங்க, திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில்தான் படுத்தார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் போட்டால் பிரயாணத்துக்குத் தோதுப்படும் என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்டால் சொல்லுவார். அங்கே கழிப்பறை குடிலுக்குப் பக்கத்திலேயே அமையாது. ராத்திரி ஒருத்திக்கு வந்தால் மூன்று பேரை எழுப்புங்கள், டார்ச் அடித்துக்கொண்டு சேர்ந்து போங்கள். அது யானை நடமாடும் காடு. எழுப்பினால் திட்டக்கூடாது என்பதையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் பை எதையும் வனத்துறை உள்ளே விடுவதில்லை. சீயக்காயும் துணிப்பையும் எவர்சில்வர் தூக்குவாளியும் உங்களுக்குப் புதுசா என்ன. குளித்துவிட்டுப் பழைய சேலையை ஆற்றில் விடும் பழக்கத்தை மட்டும் இந்தத் தடவை நிறுத்துங்கள். பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் இருந்து துணியை வண்டி வண்டியாக அள்ளிய கதை நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் கீழே வந்து நாமும் குடிக்கிறோம். மேலே மழை பெய்தால், அணை திறந்தால், ஆறு சட்டென்று ஏறும். குடில் கரையைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

ஒரு ஆச்சி பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை நேர்ந்திருக்கிறார்கள். புதுச் செருப்பு, நல்ல தோல், எங்களிடம் காட்டினார்கள். அவர்கள் காலைப் பார்த்தோம். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. பத்து வருடமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, முள் குத்தினால் தெரியாது. “சாமிக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடின்னா கட்டுபடியாகுமாம்மா” என்றார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 2,000 என்று சொல்லி, கடைக்குக் கூட்டிப்போய் மெத்தென்று ஒரு ஜோடி வாங்கியாகிவிட்டது. கோயில் வாசலில் கழற்றினாலும் பாறையிலும் ஆற்றங்கரையிலும் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும், ராத்திரி பாதத்தை ஒருவருக்கொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சரி என்று சாமி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

மருமகள்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. “அத்தை நாலு நாள் இல்லன்னா பிள்ளைய யாரு பாப்பா, நான் எப்படி வேலைக்குப் போவேன்?” என்று ஒரு தங்கை எங்களிடம் கேட்டாள். நியாயமான கேள்வி, அவள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. ஆறு வீட்டிலும் இதே கதை. அதனால் அந்த நாலு நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைக் குழுக் கட்டடத்தில் வைத்துக்கொள்வது என்றும், முறை போட்டு ஒரு நாளைக்கு இரண்டு உறுப்பினர் பார்ப்பது என்றும் பேசியிருக்கிறோம். புதன்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முடிகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால் முகத்தைப் படம் பிடித்துப் பதியும் முறை இருக்கிறது. எங்கள் போனிலேயே செய்து தருகிறோம், ஆதார் எடுத்து வாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு ஆறு பேரும் மறுபடி மைதானத்துக்கு வந்துவிடுங்கள். தார்ப்பாயில் இரண்டு இடம் ஒழுகுகிறது. ஒட்டுப்போட யார் வீட்டிலாவது பழைய சைக்கிள் டியூப் கிடந்தால் எடுத்து வாருங்கள், பசை நாங்கள் வாங்கி வருகிறோம்.