தந்தியின் மேல் நழுவும் உருக்கு

இசைக் கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் கருவியின் உடலையே நோக்குவர். மரம் எத்தகையது, வேலைப்பாடு எத்தகையது, விலை யாது என்றெல்லாம் ஆராய்வர். உடன் வரும் சிறு பொருள்களைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. ரெசொனேற்றர் கிற்றாரைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கம் பெரும் பிழையாய் முடிகிறது. அக்கருவியை வாசிப்பவரின் இடக்கையில் இருக்கும் உருக்குக் கோல், விரல்களுக்குள் அடங்கிவிடும் அளவினதே. ஆயினும் சுருதியும் இனிமையும் வேகமும் அச்சிறு கோலையே நம்பி நிற்கின்றன.

இக்கோலின் வரலாறு ஹவாய்த் தீவுகளிலே தொடங்குகிறது. 1874ஆம் ஆண்டிற் பிறந்த ஜோசப் கெக்குக்கு என்பவர், மாணவராயிருந்த காலத்தில், கிற்றாரின் தந்திகள் மேல் சீப்பையும் கத்தியின் முதுகையும் நழுவவிட்டுப் பார்த்தார் என்றும், பின்னர் பாடசாலைத் தொழிற்கூடத்திலேயே தமக்கென ஓர் உருக்குக் கோலைச் செய்துகொண்டார் என்றும் கூறுவர். 1915ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின் பின்னர், ஹவாய் இசை அமெரிக்கா எங்கும் பரவியது. கிற்றாரை மடியிலே கிடத்தி, கோலை நழுவவிட்டு வாசிக்கும் முறையும் அதனோடு பரவியது.

ஒலிபெருக்கியின் துணை இல்லாத அக்காலத்தில், வாத்தியக் குழுவின் நடுவே கிற்றாரின் மெல்லிய ஒலி அமுங்கிப் போயிற்று. ஜோர்ஜ் பீச்சம் என்ற வாத்தியக்காரர் இக்குறையை எடுத்துக்கூற, சுலோவாக்கிய மரபினரான ஜோன் டொபியேரா அதற்கு வழி கண்டார். கிற்றாரின் உடலுள்ளே மெல்லிய அலுமினியக் கூம்புகளைப் பொருத்தி, தந்தியின் அதிர்வை அவை பெருக்கித் தருமாறு அமைத்தார். 1927இல் வெளிவந்த நஷனல் கிற்றாரில் மூன்று கூம்புகள் இருந்தன. மறு ஆண்டிலே அவர் அந்நிறுவனத்திலிருந்து பிரிந்து, உடன்பிறந்தாருடன் சேர்ந்து, கிண்ணம் போன்ற ஒற்றைக் கூம்பு கொண்ட வேறொரு கிற்றாரை உருவாக்கினார். அதுவே டொப்ரோ. டொபியேரா சகோதரர்கள் என்பதன் சுருக்கமாக அமைந்த அப்பெயர், அவர்களின் தாய்மொழியிலே 'நல்லது' என்றும் பொருள்படும்.

இனி, கோல் ஆற்றும் பணியைக் கருதுவோம். சாதாரணக் கிற்றாரிலே விரல் தந்தியை அழுத்த, தந்தி மெட்டின் மேற் படிந்து, சுரம் பிறக்கிறது. விரல் சற்று முன்பின்னாக இருந்தாலும் மெட்டு அப்பிழையை மறைத்துவிடும். மடியில் வைத்து வாசிக்கும் ரெசொனேற்றர் கிற்றாரிலோ தந்திகள் மிக உயரத்தில் ஓடுகின்றன. அங்கே மெட்டு வெறும் அடையாளக் கோடு மாத்திரமே. கோல்தான் மெய்யான மெட்டு. கோல் ஒரு மயிரிழை தவறினாலும் சுருதி தவறும். கோலை வலிந்து அழுத்தினால் தந்தி வளைந்து சுரம் உயர்ந்துவிடும். தளரவிட்டாலோ தந்தி கோலின் மேல் மோதி இரையும். ஆகவே, அழுத்தாமலே தந்தியோடு ஒட்டியிருக்கக்கூடிய கோலே வேண்டற்பாலது.

நிறை முக்கியமாவது இக்காரணத்தினாலேதான். அதிரும் தந்தி தன் ஆற்றலைக் கோலுக்குக் கொடுத்து இழந்துவிடப் பார்க்கிறது. கோல் கனமாகவும் கடினமாகவும் இருப்பின், தான் அசையாமல் நின்று அவ்வதிர்வைத் தந்திக்கே திருப்பி அனுப்புகிறது. நாதம் நீண்டு நிற்கிறது. இலேசான கோலோ தானும் சேர்ந்து அதிர்ந்து, நாதத்தை விரைவில் மடியச் செய்கிறது. முக்கால் அங்குல விட்டமும் மூன்று அங்குல நீளமும் கொண்ட திண்ணிய உருக்கு உருளை ஏறக்குறைய 6 அவுன்சு நிறையுடையது. நீளம் மாறாமல் விட்டம் மாத்திரம் அரைக்கால் அங்குலம் கூடுமாயின், நிறை 8 அவுன்சைத் தாண்டிவிடும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாட்டை, ஒரு மணிநேரம் வாசித்த கை நன்கு உணரும்.

அப்படியாயின் கனத்த கோலே சிறந்தது என்று முடிவு செய்யலாமா? அதுவும் இயலாது. மெல்லெனச் செல்லும் ஹவாய்ப் பாடலுக்குப் பொருந்தும் கோல், விரைந்து பாயும் புளூகிராஸ் இசைக்குத் தடையாகலாம். 1955ஆம் ஆண்டிலே பிளாட்-ஸ்கிரக்ஸ் குழுவிற் சேர்ந்த ஜோஷ் கிரேவ்ஸ், பாஞ்சோவுக்குரிய மூவிரல் வேகத்தை டொப்ரோவிலே கொண்டுவந்தார். அத்தகைய வாசிப்பிலே கோல் நழுவுவதோடு நில்லாது, தந்தியைத் தட்டவும், சுண்டி இழுக்கவும், நொடிப்பொழுதில் மேலெழும்பித் திறந்த தந்தியை ஒலிக்கவிடவும் வேண்டும். இதற்காகவே பக்கங்களிலும் மேற்புறத்திலும் பள்ளம் வைத்த கோல்கள் வழக்கில் உள்ளன. ஸ்டீவன்ஸ் என்னும் பெயருடைய கோல் இவ்வகையிற் பெயர்பெற்றது. பெருவிரலும் நடுவிரலும் பக்கப் பள்ளங்களைப் பற்ற, சுட்டுவிரல் மேற்பள்ளத்தில் அமர்வதால், கோலை அச்சமின்றித் தூக்கலாம்.

இதிலும் ஓர் இழப்பு உண்டு. இக்கோலின் முனை சதுரமாக வெட்டப்பட்டது. தந்தியைச் சுண்டி இழுப்பதற்கு அவ்விளிம்பு நன்கு உதவும். ஆனால் ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்கு நகரும்போது அவ்விளிம்பே இடறும். துப்பாக்கிக் குண்டுபோல் முனை உருண்ட கோல் அவ்வாறு இடறுவதில்லை. இரு தந்திகளிலே வெவ்வேறு மெட்டிடங்களைத் தொடுவதற்காகக் கோலைச் சாய்த்துப் பிடிக்கும் வேளையிலும் உருண்ட கோல் கைக்குள் எளிதிலே திரும்பும். வழவழப்பான அவ்வுருளை வியர்த்த கையிலிருந்து நழுவி விழுவதும் எளிது. ஒன்றைப் பெற விரும்புவோர் மற்றொன்றிற் சிறிதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

தமிழ் நேயர்களுக்கு இவ்விடர்ப்பாடு முற்றிலும் புதியதன்று. மெட்டில்லாத கோட்டுவாத்தியத்தை வாசிப்போரும் இதே வினாவை எதிர்கொண்டவர்களே. அவ்வாத்தியத்தின் பெயரே கையிற் பிடிக்கும் கோட்டினால் வந்தது. கருங்காலிக் கட்டையையும் எருமைக் கொம்பையும் அவர்கள் கையாண்டனர்; பிற்காலத்திலே ரவிகிரண் வழவழப்பு மிக்க டெஃப்லான் உருளையைத் தேர்ந்தார். கமகத்தின் நெளிவுக்கு உராய்வு குறைந்த பொருள் உதவும் என்பது அத்தேர்விலிருந்து விளங்கும். டொப்ரோவின் இயல்பு வேறு. கூம்பின் கணீரென்ற ஒலியை வெளிக்கொணர உருக்கும், குரோமியப் பூச்சுடைய பித்தளையுமே அதற்குப் பெரிதும் ஏற்றவை. கண்ணாடிக் கோல் மென்மையான ஒலியைத் தரும். ஆயினும் அதே பருமனுள்ள உருக்குக் கோலின் நிறையிலே மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு.

எனவே, கோலைத் தேர்பவர் கடையில் வைத்தே சிலவற்றைச் சோதித்துக்கொள்ளல் நன்று. முதலாவது, கோல் ஆறு தந்திகளையும் மூடி இருபுறமும் சற்று மிஞ்சுகின்றதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அதன் மேற்பரப்பை நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். சிறு வடுவாயினும், கம்பி சுற்றிய தடித்த தந்தியில் அது கரகரப்பாய் வெளிப்படும். மூன்றாவது, கோலைத் தந்திமேல் வைத்து, அதன் சொந்த நிறையே தந்தியைத் தெளிவாக ஒலிக்கச் செய்கிறதா என்று கேட்க வேண்டும். இறுதியாக, அதனைப் பத்து முறை விரைந்து தூக்கி இறக்க வேண்டும். கை இறுகினாலும், கோல் நழுவினாலும், அது அந்தக் கைக்கு உரியதன்று.

புதிதாகப் பயில்வோர் பலர், பொருந்தாத கோலுடன் பல மாதம் போராடி, நாதம் வராமைக்குத் தம் செவியையோ கருவியையோ குறைகூறி, ஈற்றிலே பயிற்சியையே கைவிட நேரிடுகிறது. வேறு சிலர் வாரத்துக்கு ஒரு கோலாக மாற்றி, எதிலும் கை படியாமல் தவிக்கின்றனர். இரண்டுமே வருந்தத்தக்கன. வாசிக்க விரும்பும் இசை எது என்பதை முதலிலே தெளிந்து, அதற்கேற்ற ஒரு கோலைத் தேர்ந்து, அதனோடு சில மாதங்களாவது பழகுதல் வேண்டும். கோலின் நிறையைக் கை மறந்துபோகும் நாளிலிருந்து, செவி சுருதியை மாத்திரம் கவனிக்கத் தொடங்கும்.