குளவிக்கு யார் பொறுப்பு?

(நல்லதண்ணியில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



மலையில் குளவி கொட்டினால் மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், கடுமையானால் டிக்கோயாவுக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. ஆனால் படுத்த நாளுக்குச் செக்ரோலில் பேரும் இல்லை. கேட்டால், "குளவியை நாங்களா வளர்த்தோம்?" என்கிறார்கள்.

யார் வளர்த்தது என்று சட்டம் கேட்கவில்லை. வேலை நேரத்தில், வேலையால் வந்த விபத்தா என்றுதான் கேட்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் வந்தது, நம் பாட்டன்மார் காலத்தில். 2022இல் திருத்தினார்கள். உச்சத் தொகை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ஆனது. வேலைக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும் சேர்ந்தது. பெரட்டுக் களத்துக்குப் போகும்போது வழுக்கி விழுந்தாலும் கேட்கலாம்.

இன்னொன்று. ஆள் இறந்துபோனால், சாவு வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். அழுகிற வீட்டில் யார் கடதாசியை வாசிப்பார்கள்? நட்டஈட்டை நிர்வாகம் ஆணையாளரிடம் கட்ட வேண்டும், அவர்தான் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். வாசிக்காமல் ஒன்றிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. அவர்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் அதோடு வரும் காப்புறுதியும்தான். பதியாமல் அனுப்பாதீர்கள்.

குளவி கொட்டிய அன்றே கங்காணியிடம் சொல்லுங்கள், தலைவரிடமும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரித் துண்டை அடுப்பு மூட்ட எடுத்துவிடாதீர்கள். பழைய துண்டு இருப்பவர்கள் ஞாயிறு காலை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், மனு எழுதுவோம்.